காற்று ரைஃபிள் குண்டின் நீளமும் குழலில் அது அமரும் ஆழமும்: அளந்து பொருத்தும் முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தை அடுத்த ஒரு பழைய நெல் கிடங்கில் 10 மீட்டர் தூரத்துக்கு இலக்குக் கட்டிப் பயிற்சி செய்கிறோம். அங்கே புதிதாக வருவோர் பெரும்பாலும் பிரேக் பாரல் எனப்படும், குழலை மடக்கித் திறக்கும் ரைஃபிளோடுதான் வருகிறார்கள். அவர்கள் பிடியையும் மூச்சையும் பற்றி நிறையக் கேட்கிறார்கள். குண்டு குழலுக்குள் எவ்வளவு ஆழத்தில் அமர்ந்திருக்கிறது என்று கேட்பவர் அரிது. ஒரு குண்டைக் கட்டைவிரலால் அழுத்தியும் அடுத்ததை நகத்தால் தள்ளியும் ஏற்றினால், பிடி எவ்வளவு சீராக இருந்தாலும் குண்டுகள் ஒரே வேகத்தில் புறப்படமாட்டா.

இந்த வழிகாட்டி 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. விட்டமுள்ள பிரேக் பாரல் ரைஃபிளுக்கானது. காற்றழுத்த உருளை பொருத்திய போட்டி ரைஃபிள்களில் போல்ட் எனப்படும் நகரும் தண்டின் முனையே குண்டைத் தள்ளி ஆழத்தைத் தீர்மானித்துவிடும். அதை வைத்திருப்பவர்களுக்கு இங்குள்ள 3, 4, 5 ஆகிய பகுதிகளே போதும்.

எந்த அளவை எடுத்தாலும் "எங்கிருந்து எதுவரை" என்பதை முதலில் சொல்லிவிட்டு எடுங்கள். இந்த வேலையில் நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வந்தவை.

1. கையை வைப்பதற்கு முன்

குழலை மடக்கித் திறந்த நிலையில் ரைஃபிளைத் தனியாக விடக்கூடாது. உள்ளே அழுந்தியிருக்கும் சுருள்வில் எதிர்பாராமல் விடுபட்டால் குழல் மேல்நோக்கி அறைந்து மூடிக்கொள்ளும். விரல் இடையில் இருந்தால் எலும்பு நொறுங்கும், இல்லாவிட்டாலும் குழல் வளைந்துபோகும். ஆகவே இது இருவர் செய்யவேண்டிய வேலை. ஒருவர் குழலின் முனைப்பக்கத்தைப் பிடித்த கையை எடுக்காமல் இருக்க, மற்றவர் அளக்கவேண்டும். அளக்கும்போது வில்லை முழுவதுமாக ஏற்றத் தேவையில்லை. பின்முகம், அதாவது குழலில் குண்டு நுழையும் பக்கத்து உலோக முகம், தெரியும் அளவுக்கு மட்டும் குழலை மடக்கினால் போதும். விசைப் பக்கம் யாருடைய விரலும் போகக்கூடாது.

குண்டுகள் ஈயத்தாலானவை. புதியவர்கள் அடுத்த குண்டை உதட்டுக்கிடையில் கவ்விக்கொண்டு முதல் குண்டை ஏற்றுவதை நான் பலமுறை தடுத்திருக்கிறேன். ஈயம் உடலில் சேர்ந்துகொண்டே போகும். குழந்தைகளுக்கு அது கூடுதல் கேடு. பிரித்து அடுக்கச் சமையலறைத் தட்டை எடுக்காதீர்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சுட்டு நசுங்கிய ஈயத்தைப் பெட்டியில் சேர்த்து வையுங்கள். அதை வாய்க்காலிலோ கொல்லையிலோ கொட்டக்கூடாது.

இந்த முறை காகித இலக்குக்கு மட்டுமே. வயலில் இறங்கும் கொக்கையும் மடையானையும் குறிபார்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்காகக் குண்டு பொருத்தக் கற்றுக்கொள்ள வருபவருக்கு எங்கள் கிடங்கில் இடமில்லை.

2. சேர்த்து வைக்கவேண்டியவை

150 மி.மீ. டிஜிட்டல் காலிப்பர் (இரு தாடைகளுக்கிடையே பொருளை வைத்து அளக்கும் கருவி) ஒன்று, நகைக்கடையில் பயன்படுத்தும் ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, பிளாஸ்டிக் உறையிட்ட துப்புரவுக் கம்பி ஒன்று, கறுப்பு மார்க்கர் பேனா ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று. இவை கடையில் கிடைக்கும்.

கிடைக்காதவை பித்தளையில் செய்யவேண்டிய மூன்று உருப்படிகள். எந்த லேத் பட்டறையிலும் அரை நாளில் கடைந்து தருவார்கள். முதலாவது, 4.2 மி.மீ. விட்டமும் 20.00 மி.மீ. நீளமும் கொண்ட, இரு முனையும் மட்டமாகச் சீவிய ஒரு ஊசி. இரண்டாவது, தொப்பி வடிவ புஷ், அதாவது நடுவில் துளையுள்ள குழாய்த்துண்டு: 4.3 மி.மீ. துளையும், 14 மி.மீ. அகலமுள்ள தொப்பியும், கீழே ஒடுங்கிய காலும் சேர்ந்து மொத்த உயரம் 8.00 மி.மீ. மூன்றாவது, தலை வைத்த அமர்த்தும் ஊசிகள் ஐந்து. இவற்றின் அளவை 8-ஆம் பகுதியில் சொல்கிறேன். 8-ஆம் பகுதிவரை படித்துவிட்டுப் பட்டறைக்குப் போவது நல்லது, ஏனென்றால் புஷ்ஷின் கால் அளவு ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறும்.

ஊசி ஏன் பித்தளை என்றால், எஃகு, குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய புரிகளைக் கீறும். நீளம் ஏன் 20 மி.மீ. என்றால், மறந்துபோய் உள்ளே விட்டுவிட்டால் குழலை மூட முடியாது. குட்டையான ஊசி செய்து, அதைக் குழலுக்குள்ளேயே விட்டு மூடிச் சுட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

3. முதலில் குழலைத் துடைத்தல்

பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். குழலின் பின்வாயில் படிந்த ஈயத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் குண்டை அரை மி.மீ. முன்பே நிறுத்திவிடும், அழுக்கின் அளவை எழுதிவைத்துக்கொண்டு அதைக் குழலின் அளவு என்று நம்பிக்கொண்டிருப்போம்.

மெல்லிய பருத்தித் துணியைத் துப்புரவு நூலில் கோத்து, பின்வாயிலிருந்து முனைநோக்கி மட்டும் இழுக்கவேண்டும். எஃகுக் கம்பிப் பிரஷ் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெயைக் குழலில் ஊற்றவும் வேண்டாம், ஏனென்றால் சுருள்வில் ரைஃபிளில் காற்று அழுந்தும்போது எழும் சூட்டில் எண்ணெய்ப்புகை தீப்பிடித்து வெடிக்கும், அப்போது குண்டின் வேகம் தாறுமாறாகும், உள்ளே உள்ள சீலும் கெடும். துணி வெளுப்பாக வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

துடைத்த குழல் உடனே பழைய நிலைக்கு வராது. புரிகளில் மெல்லிய ஈயப்பூச்சு மீண்டும் படியும்வரை இருபது முப்பது குண்டுகள் சிதறிப் போகும். அவற்றைச் சுட்டுத் தீர்த்தபின், பின்வாயை மட்டும் பஞ்சுக் குச்சியால் ஒருமுறை துடைத்துவிட்டு அளக்கத் தொடங்குங்கள்.

4. காலிப்பரைச் சோதித்தல்

தாடைகளைத் துணியால் துடைத்து மூடி, பூஜ்யம் வைத்து, ஐந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 0.00 திரும்பி வரவேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் தாடையில் தூசி இருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லேசாகத் துருவும் பூத்திருக்கும்.

அடுத்து, தெரிந்த அளவுள்ள ஒரு பொருளை அளக்கவேண்டும். நம் ஊரில் அதற்கு மிக எளிதாகக் கிடைப்பது பம்புசெட் மோட்டாருக்குப் போடும் 6204 பேரிங். அதன் உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47 மி.மீ.; புதிய, நல்ல பேரிங்கில் இவை இரண்டும் நூறில் ஒரு பங்கு மி.மீ. அளவுக்குள் சரியாக இருக்கும். அதன் 14 மி.மீ. அகலத்தை மட்டும் சோதனைக்கு எடுக்காதீர்கள்; அகலத்துக்கு அனுமதிக்கும் ஏற்ற இறக்கம் அதைவிடப் பல மடங்கு அதிகம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். திரையில் 0.01 என்று தெரிவதால் காலிப்பர் 0.01 வரை நம்பத்தக்கது என்று பொருளல்ல. பொதுவாக இவை 0.02 அல்லது 0.03 மி.மீ. வரை பிசகக்கூடியவை. ஆழத்தை அளக்க அது தாராளமாகப் போதும். குண்டின் தலை விட்டத்தை அளக்கப் போதாது. அதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

5. குண்டுகளைப் பார்த்து, நிறுத்து, நீளம் பார்த்துப் பிரித்தல்

குண்டுக்கு மூன்று பகுதிகள். முன்னால் தட்டையான தலை, நடுவில் ஒடுங்கிய இடை, பின்னால் உள்ளீடற்று விரிந்த பகுதி. இந்தப் பின்பகுதியைப் பாவாடை என்றே எங்கள் கிடங்கில் சொல்கிறோம். தலை புரிகளின் மேல் ஊர்ந்து வழி காட்டும். பாவாடை காற்றழுத்தத்தில் விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். ஆகவே பாவாடையின் ஓரம் சொட்டையாகிப் போன குண்டு வேறு எந்த அளவில் சரியாக இருந்தாலும் பயன்படாது.

ஐம்பது குண்டுகளை வெள்ளைத் துணியில் பாவாடை மேல்நோக்கி நிறுத்தி, லென்ஸால் ஓரங்களைப் பாருங்கள். சொட்டை, பிசிறு, ஈயச்சீவல் இருப்பவற்றை ஒதுக்குங்கள். டப்பாவிலிருந்து கொட்டும்போதே பலவற்றுக்குச் சொட்டை விழுகிறது என்பதால் டப்பாவைக் கவிழ்க்காமல் சாய்த்து உருட்டி எடுக்கவேண்டும்.

அடுத்தது எடை. கும்பகோணத்துப் பத்தர்கள் பொன்னை நிறுக்கும்போது மில்லிகிராமைச் சுருக்கி "மில்லி" என்பார்கள். அதே தராசு, அதே பேச்சு இங்கும் பொருந்தும். டப்பாவில் 0.53 கிராம் என்று போட்டிருந்தால் அது 530 மில்லி. ஐந்து மில்லிக்கு ஒரு கிண்ணம் என்று வைத்து, 525-க்குக் கீழ், 525 முதல் 530, 530 முதல் 535, அதற்கு மேல் எனப் பிரித்தால் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுங்கள். மேலே விசிறி சுழன்றுகொண்டிருக்க, ஒரே குண்டு மூன்று முறை மூன்று எடை காட்டுகிறது என்று தராசைக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போனவர்கள் உண்டு.

பிறகு நீளம். தலையின் முன்விளிம்பிலிருந்து பாவாடையின் ஓரம்வரை உள்ள இந்த அளவு சாதாரண போட்டிக் குண்டுகளில் 5 மி.மீ.க்கும் 6 மி.மீ.க்கும் இடையில் வரும். ஈயம் மென்மையானது, பாவாடை மெல்லியது. காலிப்பரின் உருளையைக் கட்டைவிரலால் திருகி இறுக்கினால் அளக்கும்போதே குண்டு குட்டையாகிவிடும். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரே குண்டை ஐந்து முறை அளந்து, 5.41, 5.40, 5.38, 5.37, 5.35 என்று எண் இறங்கிக்கொண்டே போனால் நீங்கள் அளக்கவில்லை, நசுக்குகிறீர்கள். 5.40, 5.41, 5.40, 5.40, 5.41 என்று அங்கேயே நின்றால் கை பழகிவிட்டது என்று கொள்ளலாம்.

நீளத்தை ஏன் இவ்வளவு கவனிக்கவேண்டும்? அமர்த்தும் ஊசி குண்டைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால் அது சமப்படுத்துவது பாவாடை ஓரத்தின் இடத்தைத்தான். தலையோ குண்டின் நீளத்துக்கு ஏற்றபடி முன்னே பின்னே நிற்கும். ஒரு குண்டு 5.35, இன்னொன்று 5.50 என்றால், ஊசி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அவற்றின் தலைகள் புரியைத் தொடும் இடத்தில் 0.15 மி.மீ. வித்தியாசம் இருந்தே தீரும். நீளத்தைப் பிரிக்காமல் ஆழத்தை மட்டும் சீராக்குவது பாதி வேலை.

தலை விட்டத்துக்கு வருவோம். டப்பாக்களில் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருக்கும். இவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் 0.01 மி.மீ.; காலிப்பரின் பிசகோ அதைப்போல் இரு மடங்கு, மும்மடங்கு. போதாக்குறைக்கு, தாடை பட்டதும் ஈயம் அமுங்கும். ஆகவே காலிப்பரால் தலை விட்டத்தைப் பிரித்ததாக யாராவது சொன்னால் அந்தப் பிரிவினையை நம்பாதீர்கள். நூறில் ஒரு பங்கு இடைவெளியில் படிப்படியாகத் துளையிட்ட அளவுத்தகடு இருந்தால், குண்டு தன் எடையாலேயே எந்தத் துளையில் விழுகிறது, எதில் தங்குகிறது என்று பார்த்துப் பிரிக்கலாம். அது கிடைக்காவிட்டால் ஒரே டப்பாவை மட்டும் பயன்படுத்திச் சோதனையை முடியுங்கள். இரண்டு டப்பாக்களைக் கலக்காதீர்கள்.

6. பின்முகத்தைத் தீர்மானித்தல்

ஆழம் என்பது குழலின் பின்முகத்திலிருந்து பாவாடையின் ஓரம்வரை உள்ள தூரம். கேட்பதற்கு எளிது. ஆனால் பல பிரேக் பாரல் ரைஃபிள்களில் குழல்வாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், அதாவது ஓ ரிங், உலோக முகத்தைவிடச் சற்று மேலே எழும்பி நிற்கும். காலிப்பரின் அடியை அங்கே வைத்தால் அது உலோகத்தில் உட்காராமல் ரப்பரில் உட்காரும். அழுத்தினால் ஓர் அளவு, அழுத்தாவிட்டால் வேறோர் அளவு. புதிய ரப்பருக்கும் மூன்று வருடம் நசுங்கிய ரப்பருக்கும் வெவ்வேறு அளவு.

தொப்பி புஷ்ஷுக்குக் கால் வைப்பதன் காரணம் இதுதான். ஓ ரிங்கின் உள்விட்டத்தைக் காலிப்பரின் உள்தாடையால் தோராயமாக எடுத்து, அதைவிட அரை மி.மீ. குறைவாகக் காலைக் கடையச் சொல்லுங்கள். அப்போது கால் ரப்பரைத் தொடாமல் உலோகத்தில் நேராக நிற்கும், அகலமான தொப்பியோ ரப்பருக்கு மேலே அந்தரத்தில் நின்று காலிப்பர் வைக்க இடம் தரும். சில ரைஃபிள்களில் ரப்பர் குழல் பக்கத்தில் இல்லாமல் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். அங்கே இந்தச் சிக்கலே இல்லை, ஆனாலும் அதே புஷ்ஷைப் பயன்படுத்தலாம்.

புஷ்ஷை வைத்து விரலால் தொப்பியின் நான்கு பக்கமும் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஆடினால் கால் நேராக அமரவில்லை என்று பொருள். குண்டு ஏற்றியபின் மட்டும் ஆடினால், பாவாடை பின்முகத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு காலைத் தூக்குகிறது என்று பொருள். அப்படிப்பட்ட குண்டோடு குழலை மூடினால் பாவாடையும் நசுங்கும், ஓ ரிங்கும் வெட்டுப்படும்.

7. கட்டைவிரல் அமர்த்தும் ஆழத்தை அளத்தல்

எதையும் மாற்றுவதற்கு முன், இதுவரை எப்படிச் செய்துகொண்டிருந்தோம் என்பதை எண்ணாக எழுதவேண்டும்.

ஒரு குண்டை வழக்கம்போல் கட்டைவிரலால் ஏற்றுங்கள். துணைக்கு இருப்பவர் குழலைப் பிடித்துக்கொள்ள, புஷ்ஷைப் பின்முகத்தில் வைத்து, 20.00 மி.மீ. ஊசியை அதன் துளைவழியே இறக்குங்கள். ஊசி தன் எடையால் இறங்கிப் பாவாடையின் ஓரத்தில் நிற்கவேண்டும், தள்ளக்கூடாது. காலிப்பரின் பின்முனையை ஊசியின் தலையில் வைத்து, அந்த முனையிலிருந்து நீளும் ஒல்லியான ஆழக்கம்பியைத் தொப்பியின் மேல்பரப்புவரை நீட்டிப் படியுங்கள்.

கணக்கு இவ்வளவுதான்: ஊசி 20.00, புஷ் 8.00, வித்தியாசம் 12.00. குண்டு பின்முகத்தோடு மட்டமாக இருந்தால் ஊசி தொப்பிக்கு மேல் 12.00 நிற்கும். நீங்கள் படித்தது 11.64 என்றால் பாவாடை 0.36 மி.மீ. உள்ளே இருக்கிறது. குண்டின் நீளம் 5.40 என்றால் தலையின் முன்விளிம்பு பின்முகத்திலிருந்து 5.76 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் தனித்தனிப் பத்தியில், "முகம் முதல் பாவாடை", "முகம் முதல் தலை" என்று தலைப்பிட்டு எழுதுங்கள்.

இந்தச் சுற்றுவழி எதற்கு, காலிப்பரின் ஆழக்கம்பியையே நேராக உள்ளே விட்டால் என்ன என்று தோன்றும். நான் அப்படித்தான் தொடங்கினேன். கட்டைவிரலால் மட்டமாக ஏற்றிய குண்டுக்குக் காலிப்பர் 3 மி.மீ.க்கும் மேல் ஆழம் காட்டியது. அதை நம்பி, என் கட்டைவிரல் குண்டை மிக ஆழமாகத் தள்ளுகிறது என்று முடிவுகட்டி, ஒரு வாரம் மெல்ல மெல்ல அழுத்தி ஏற்றினேன். குழுமம், அதாவது இலக்கில் துளைகள் பரவி விழும் அளவு, இன்னும் விரிந்தது. பிறகு ஒரு குண்டை மேசையில் பாவாடை மேல்நோக்கி நிறுத்தி அதே கம்பியை வைத்தபோதுதான் விளங்கியது: ஒல்லியான கம்பி பாவாடையின் குழிக்குள் இறங்கி, தலையின் உட்புறத்தைத் தொட்டு அளந்துகொண்டிருந்தது. அளவு சரி, "எதுவரை" என்பது தவறு. 4.2 மி.மீ. ஊசி அந்தக் குழிக்குள் இறங்காமல் ஓரத்தில் நிற்கும். ஆனாலும் உங்கள் குண்டில் அதை மேசையிலேயே ஒருமுறை சோதியுங்கள். மெல்லிய பாவாடையுள்ள சில குண்டுகளில் ஊசி உள்ளே நழுவப் பார்க்கும்.

இதேபோல் பத்துக் குண்டுகளை ஏற்றி அளந்து, ஒவ்வொன்றையும் முனைப்பக்கத்திலிருந்து துப்புரவுக் கம்பியால் பின்னோக்கித் தள்ளி வெளியேற்றுங்கள். வெளியேற்றிய குண்டை மறுபடி சுடாதீர்கள். பத்து எண்களில் மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் கட்டைவிரலின் சீரற்ற தன்மை. கை நன்றாகப் பழகிய ஒரு கல்லூரி மாணவிக்கே எங்கள் கிடங்கில் இந்த இடைவெளி 0.4 மி.மீ. வந்தது, அவர் அதுவரை எல்லாக் குண்டும் ஒன்றுபோல் அமர்கின்றன என்றே நினைத்திருந்தார்.

8. அமர்த்தும் ஊசிகளும் புரி பிடிக்கும் இடமும்

ஐந்து ஊசிகளும் ஒரே மாதிரிதான்: 4.2 மி.மீ. தண்டு, அதன்மேல் 10 மி.மீ. தலை. தண்டின் நீளம் மட்டும் 8.0, 8.5, 9.0, 9.5, 10.0 மி.மீ. புஷ்ஷின் உயரம் 8.00 என்பதால், தலை தொப்பியில் முட்டி நிற்கும்போது தண்டின் முனை பின்முகத்திலிருந்து முறையே 0, 0.5, 1.0, 1.5, 2.0 மி.மீ. உள்ளே இருக்கும். தலையில் எண்ணைக் குத்தி வாங்குங்கள்; கண்ணளவில் 9.0-ஐயும் 9.5-ஐயும் பிரிக்க முடியாது. வாங்கியதும் ஒவ்வொன்றையும் நீங்களே அளந்து, உண்மையான அளவை நோட்டில் எழுதுங்கள். 9.0 என்பது 9.06 ஆக இருந்தாலும் பரவாயில்லை, தெரிந்திருந்தால் போதும்.

ஏற்றும் முறை: குண்டைக் குழலின் பின்வாயில் வைத்து, விரல்நுனியால் பின்முகத்தின் மட்டத்துக்கு அழுத்திவிட்டு, புஷ்ஷை வைத்து, ஊசியைத் தலை முட்டும்வரை நேராக அழுத்துங்கள். சுத்தியலால் தட்டவோ திருகவோ வேண்டாம்.

இப்போது ஒரு குண்டின் தலையோரம் முழுவதும் மார்க்கரால் கறுப்பாக்கி, உலரவிட்டு, 0 ஆழத்துக்கான 8.0 ஊசியால் ஏற்றி, கம்பியால் பின்னோக்கி வெளியே தள்ளி லென்ஸில் பாருங்கள். தலையின் ஓரத்தில் கறுப்பு அழிந்து, ஈயம் பளிச்சென்று தெரியும் கோடுகள் இருந்தால் தலை புரியைத் தொட்டுவிட்டது. கோடுகள் இல்லையென்றால் அடுத்த ஊசி, புதிய குண்டு. காற்று ரைஃபிள் குழல்களில் 12 புரிகள் பரவலாக இருக்கும். உங்கள் குழலில் எத்தனையோ அத்தனை கோடுகளும் சுற்றிலும் ஒரே சீராகத் தெரியவேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் மங்கலாகவும் இருந்தால் குண்டு சாய்ந்து ஏறியிருக்கிறது.

கோடுகள் முதன்முதலில் தெரியும் ஆழத்தை வட்டமிட்டு வையுங்கள். சுட்டுப் பார்க்கும்போது அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆழங்களைத்தான் ஒப்பிடப் போகிறோம்.

9. சுட்டுப் பார்த்தல்

எந்த ஆழம் நல்லது என்று காலிப்பர் சொல்லாது. ஆழமாக அமர்த்தினால் பாவாடை முன்கூட்டியே குழலின் அளவுக்கு ஒடுங்கிவிடும், குண்டு எளிதாக நகரத் தொடங்கும். மேலாக அமர்த்தினால் காற்றழுத்தம் சற்று ஏறியபின்தான் அது விடுபடும். சுருள்வில் ரைஃபிளில் பிஸ்டன் ஓடிக்கொண்டிருக்கும்போதே குண்டு விடுபடுவதால், அந்த நொடியின் முன்பின் வேகத்தையும் ரைஃபிளின் உதைப்பையும் மாற்றும். எந்தப் பக்கம் மாற்றும் என்பது ரைஃபிளுக்கு ரைஃபிள் வேறு.

ஒரே கிண்ணத்து எடை, ஒரே நீளமுள்ள நூறு குண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆழத்துக்குப் பத்துக் குண்டு என்று 0 முதல் 2.0 வரை ஏறுவரிசையில் ஒரு சுற்று; சற்று ஓய்வெடுத்து, 2.0 முதல் 0 வரை இறங்குவரிசையில் இன்னொரு சுற்று. வரிசையைத் திருப்புவது மிக முக்கியம். ஒரே திசையில் மட்டும் சுட்டால் கடைசியில் வரும் ஆழம் உங்கள் தோள் களைப்பையும் சேர்த்துச் சுமக்கும், குழலைக் குறைசொல்லிவிடுவோம். மூன்று குண்டு, ஐந்து குண்டு சுட்டு முடிவெடுப்பதும் தவறு. தற்செயலாக நெருங்கிய மூன்று துளைகளைப் பார்த்து மகிழ்ந்து, மறுநாள் அதே ஆழத்தில் சுட்டு வருந்தியவர்கள் பலர்.

குழுமத்தை அளக்கும்போதும் அதே கேள்வி: எங்கிருந்து எதுவரை? மிகத் தொலைவிலுள்ள இரு துளைகளின் வெளியோரங்களுக்கிடையே அளந்து, ஒரு துளையின் விட்டத்தைக் கழித்தால் மையத்திலிருந்து மையத்துக்கான தூரம் கிடைக்கும். கழிக்கவேண்டியது 4.5 அல்ல. காகிதம் குண்டு போனபின் சற்று சுருங்குவதால் துளை அதைவிடச் சிறிதாக இருக்கும். அதே அட்டையில் தனியாக விழுந்த ஒரு துளையை அளந்து அந்த எண்ணைக் கழியுங்கள். 10 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி என்பது 0.5 மி.மீ. அகலமுள்ள ஒரு பொட்டு. அந்த இடத்தில் அரை மி.மீ. பிசகி அளந்தால் நல்ல ஆழமும் கெட்ட ஆழமும் இடம் மாறிவிடும்.

மழைக்காலத்தில் இலக்கு அட்டைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருந்து, சுடும்போது மட்டும் எடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் கிடங்கின் சுவரே வியர்க்கும் நாட்களில், ஈரம் ஏறிய அட்டையில் தட்டைத்தலைக் குண்டுகூட வட்டமாக வெட்டாமல் கிழிக்கும். கிழிசலின் ஓரத்தை அளக்க முடியாது. எங்களுடைய ஒரு மாத அளவுகளை இதனாலேயே தூக்கிப் போட நேர்ந்தது. பொங்கல் கழிந்து, காற்று உலர்ந்தபின் மறுபடி சுட்டோம்.

வேகமானி கிடைத்தால் ஒவ்வொரு ஆழத்திலும் வேகத்தையும் குறியுங்கள். சராசரியைவிட, பத்துக் குண்டுகளின் மிகக் குறைந்த, மிகக் கூடிய வேகங்களின் இடைவெளி அதிகம் சொல்லும். எடுத்துக்காட்டாக, 0.53 கிராம் குண்டு நொடிக்கு 168 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 7.5 ஜூல். அந்த 168 ஒவ்வொரு முறையும் 168-ஐ ஒட்டியே வருகிறதா என்பதுதான் நமக்கு வேண்டியது.

இரண்டு ஆழங்கள் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தால், புரிக்கோடுகள் எல்லாப் பக்கமும் சீராகத் தெரிந்த ஆழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குண்டு சாயாமல் நிற்கிறது என்பதற்குக் கண்ணெதிரே சான்று இருக்கிறது.

10. எழுதி வைத்தலும் மறுபடி அளத்தலும்

நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு ரைஃபிள், ஒரு குண்டு வகை. தேதி, டப்பாவில் உள்ள தொகுதி எண், எடைக் கிண்ணம், நீளம், ஊசியின் எண், அதன் உண்மையான நீளம், முகம் முதல் பாவாடை, முகம் முதல் தலை, குழுமம். "நன்றாக இருந்தது" என்று எழுதாதீர்கள். ஆறு மாதம் கழித்து அந்தச் சொல்லிலிருந்து எதையும் மீட்க முடியாது.

குண்டு வகை மாறினாலும், அதே வகையில் தொகுதி எண் மாறினாலும், 5-ஆம் பகுதியிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும். ஓ ரிங்கை மாற்றினால் ஆழம் மாறாது, ஏனெனில் நாம் அளப்பது உலோகத்திலிருந்து. ஆனால் புதிய வளையத்தின் உள்விட்டம் குறைவாக இருந்தால் புஷ்ஷின் கால் அதில் உரசக்கூடும் என்பதால் 6-ஆம் பகுதியின் தட்டிப் பார்க்கும் சோதனையை மட்டும் ஒருமுறை செய்யுங்கள்.

பிரித்த குண்டுகளை மர அலமாரியில் வைக்காதீர்கள். சில மரங்களிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாகப் பூக்கவைக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து ஈரக்காற்றில் அது இன்னும் விரைவாக நடக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வெள்ளை பூத்த குண்டின் எடையும் தலை விட்டமும் மாறிவிட்டிருக்கும். அதைத் துடைத்துப் பயன்படுத்த முயலாமல், கையுறை போட்டு எடுத்து, நசுங்கிய ஈயம் சேர்க்கும் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள். ஊசிகளையும் புஷ்ஷையும் எண்ணிப் பார்த்து, லேசாக எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, அளவெழுதிய நோட்டோடு ஒரே பெட்டியில் வைத்தபிறகு ரைஃபிளை உறையில் போடுங்கள்.